எடுக்காத அழைப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்வி கையைக் கட்டிப்போட்டுவிட்டது. தொழிலில் கூட்டாளி உன்னை ஏமாற்றிப் பன்னிரண்டு வருஷமாகியும், அவன் முகத்தை நினைத்தாலே வயிறு எரிகிறது, இதை எப்படி விடுவது என்று எழுதியிருந்தாய். இதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டுமென்றால், உன்னிடம்கூட நான் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இந்த மூன்று வாரம்.

என் அண்ணன் விஷயம் உனக்குத் தெரியும். அப்பாவிடம் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். அதையும் மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து அவரோடு பேச்சு கிடையாது. ஆனால் மனசுக்குள் அவரோடு பேசாத நாளே இல்லை. குளிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, தூக்கம் வராத இரவில், அவரை எதிரே நிற்க வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்பேன். ஒவ்வொரு முறையும் நான்தான் ஜெயிப்பேன். மறுநாள் அதே வழக்கு முதலிலிருந்து ஆரம்பமாகும்.

இது மனசோடு நிற்கிற சமாசாரம் இல்லை. அமெரிக்காவில் ஹோப் கல்லூரியைச் சேர்ந்த விட்வ்லியட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 71 பேரை, தங்களை நிஜமாகவே புண்படுத்திய ஒருவரை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கறுவிக்கொண்டு நினைத்தபோது இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடின, புருவத் தசை இறுகியது. மன்னிப்பதாக நினைத்தபோது அவ்வளவு இல்லை. அதைப் படித்துவிட்டுப் புருவத்துக்கு நடுவே விரலை வைத்துப் பார்த்தேன். முடிச்சு போட்டதுபோல இருந்தது.

இனி அந்த மறைத்த விஷயம். அப்பா இறப்பதற்கு முந்தைய இரவு எனக்குப் போன் செய்தார். நான் தூங்கிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். நான் தூங்கவில்லை. மேசைமேல் போன் அதிர்ந்தது, திரையில் 'அப்பா' என்று தெரிந்தது. அண்ணனோடு சமாதானமாகப் போ என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்து, போனைக் கவிழ்த்து வைத்தேன். அது மரப்பலகைமேல் அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் நகர்ந்தது, அப்புறம் நின்றது. காலையில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று படுத்தேன். விடிவதற்குள் அப்பா இல்லை. அதற்குப் பிறகு இரண்டு போன் மாற்றிவிட்டேன். இரண்டிலும் அந்த எண்ணை முதலில் ஏற்றினேன்.

எனக்குப் புரிய ஒன்பது வருஷமானது இதுதான்: அண்ணன்மேல் கோபம் இருக்கும்வரை, போனை எடுக்காத பழியையும் அவர் தலையில் போட முடிந்தது. 'இந்த மனுஷன் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் நான் எடுத்திருப்பேனே.' அவரை விட்டுவிட்டால் அது நேராக என் மடியில் வந்து விழும். அந்தப் பயத்தில்தான் கோபத்தை அணையவிடாமல் ஊதி ஊதி வைத்திருந்தேன்.

எவரெட் வொர்த்திங்டன் என்று ஓர் உளவியலாளர். மன்னிப்பைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்தவர். 1996 புத்தாண்டை ஒட்டி, வீட்டுக்குள் திருட வந்தவன் கையால் அவருடைய தாய் கொல்லப்பட்டார். செய்தி கேட்டபின், பக்கத்தில் இருந்த பேஸ்பால் மட்டையைக் காட்டி, அவன் கிடைத்தால் இதாலேயே அடித்துக் கொல்வேன் என்று கொதித்திருக்கிறார் இவர். மன்னிப்பைப் படித்தவருக்கே அந்த வேகம். ஆனால் தன் மனசிலும் அதே வன்முறை இருப்பதைப் பார்த்து, சீக்கிரமே அவனை மன்னித்துவிட்டார். அதைவிடக் கஷ்டமானது பிறகு வந்தது. தாயின் உடலை முதலில் கண்ட அவருடைய சகோதரர் அதிலிருந்து மீளாமலே 2005இல் தற்கொலை செய்துகொண்டார். அவருக்குச் சரியாக உதவாமல் போனோமே என்று தன்னை மன்னிக்க இவருக்கு வருஷக்கணக்கானது. அன்னியனை விடுவித்தவரால் தன்னை விடுவிக்க முடியவில்லை. இதைப் படித்த இரவு நான் அழுதேன்.

அவர் ஒரு வித்தியாசம் சொல்கிறார். பழிவாங்குவதில்லை என்று முடிவெடுப்பது ஒன்று, மனசில் கசப்பு கரைவது இன்னொன்று. முதலாவது ஒரே நாளில் நடக்கலாம், இரண்டாவது தன் வேகத்தில்தான் வரும். உனக்கு வயிறு இன்னும் எரிகிறது என்பதால் நீ மன்னிக்கத் தெரியாதவன் என்று நினைக்காதே. மறப்போம் மன்னிப்போம் என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் பாதிதான் ஒத்துவருகிறது. அந்தக் கூட்டாளியோடு நீ மறுபடி ஒரு காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போட வேண்டாம். அவனைத் தேடிப்போய்ப் பார்க்கவும் வேண்டாம். மன்னிப்பது வேறு, நம்புவது வேறு.

என் விஷயத்தில், முதலில் மனைவியிடம் சொன்னேன். "நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்." அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இத்தனை வருஷமா தனியாவா வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். செய்தது தப்புதான், அதை இல்லை என்று சொல்லி என்னால் என்னை மன்னிக்க முடியாது. ஆனால் அந்த இரவு நான் கோபக்காரனாக இருந்தேன், அப்பாவை வெறுத்தவனாக இல்லை. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள இப்போதுதான் வாய் வருகிறது. இப்போதெல்லாம் வயதானவர்கள் யார் கூப்பிட்டாலும், என்ன வேலையிலிருந்தாலும் எடுத்துவிடுகிறேன்.

போன மாதம் அண்ணனைக் கூப்பிட்டேன். அவரிடம் என் எண் இல்லை. "யாரு?" என்றார். "நான்தான்" என்றேன். குரல் அடையாளம் தெரிந்தது, ஆனால் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்றார். நாலு நிமிஷம் பேசினோம். வீட்டைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருக்கவும் இல்லை. அன்று இரவு படுத்ததும் வழக்கம்போல மனசுக்குள் விசாரணை ஆரம்பமானது. அவரை நிற்க வைத்தேன். முழங்கால் ஞாபகம் வந்தது. பாதியிலேயே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. கண் தேறும்வரை எழுதிச் சிரமப்படாதே, போன் செய். நான் எடுப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்