வாய்க்கால் கரை வழியாக மலைக்கு

ஹாங்காங்
நவம்பர் 9

அன்புள்ள கோபாலுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மனசுக்கு நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அம்மா கேட்கவா போகிறார்கள்? தங்கச்சி பாடுதான் திண்டாட்டம். சின்னவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததை எழுதியிருந்தாய். சம்பளத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். வாத்தியார் புத்தி.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம், வீட்டில் இருக்கும் நேரத்தை விட நூலகத்தில் இருக்கும் நேரம் அதிகம். வாடகை இந்த வருஷமும் ஏறிவிட்டது. அதைப் பற்றி எழுதினால் கடிதம் அழுகையாகிவிடும், விடு.

டிசம்பரில் நீயும் தங்கச்சியும் வருவதாக எழுதிய இடத்தை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். "கட்டடத்தைத் தவிர அந்த ஊரில் என்ன இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையானால் மலை மலை என்று எங்கேதான் போகிறாய், என் முழங்காலுக்கு அதெல்லாம் ஆகுமா" என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்த நீளக் கடிதம்.

படங்களில் நீ பார்ப்பது துறைமுகத்தை ஒட்டிய பட்டை மட்டும். 1,100 சதுர கிலோமீட்டர் ஊரில் 75 லட்சம் பேர். ஆனால் கட்டடமும் சாலையும் பிடித்துக்கொண்டது சுமார் கால்பங்குதான். மீதியில் பெரும்பகுதி மலையும் காடும். நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் கிராமப்புறப் பூங்கா என்று சட்டம் போட்டுக் காத்து வைத்திருக்கிறார்கள். சட்டம் வந்தது 1976இல். நம்மூர்க் கணக்கில் பெரிய உயரம் இல்லை. ஆக உயரமான தாய் மோ ஷான் 957 மீட்டர்தான், கொடைக்கானலில் பாதி கூட வராது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து நேராக எழுந்து நிற்பதால் ஏறும்போது அந்த 957ம் காலில் தெரியும்.

ஒரு சதுர அடி நிலத்துக்கு அடித்துக்கொள்ளும் ஊரில் இவ்வளவு காட்டை எப்படி விட்டு வைத்தார்கள் என்று வந்த புதிதில் எனக்குப் புரியவே இல்லை. வெள்ளைக்கார கவர்னர் மெக்லிஹோஸ் நடப்பதில் பிரியம் உள்ளவர், அவர் பேரில்தான் 1979இல் முதல் நெடும்பாதை திறந்தார்கள், அதனால்தான் இதெல்லாம் என்பார்கள். அவர் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தவரை உண்மையான காரணம் தண்ணீர். காவிரித் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்த உனக்கும் எனக்கும் அது புரியும்.

இங்கே பெரிய ஆறு கிடையாது. பாறையைத் தோண்டினால் ஊற்றும் அவ்வளவாகக் கிடையாது. மழையைப் பிடித்தால்தான் குடிக்கலாம். 1863இல் போக் ஃபு லாமில் முதல் நீர்த்தேக்கம் கட்டினார்கள். அதற்குப் பிறகு ஊர் பெருகப் பெருக அணை மேல் அணை. அணை நிரம்ப வேண்டுமானால் அதற்கு மேலே இருக்கும் மலைச்சரிவில் வீடு கட்ட விடக் கூடாது, மண் சரிந்து வராமல் மரம் நட வேண்டும். ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் விறகுக்காக மலையை மொட்டையடித்துவிட்டிருந்தார்கள். இன்று நீ பார்க்கப்போகும் காட்டில் நிறைய, போருக்குப் பிறகு நட்டு வளர்த்ததுதான். இப்படித் தண்ணீருக்காக வேலி போட்ட மலைகள்தான் பின்னால் பெருமளவு பூங்காவாயின.

1963இல் மழை பொய்த்தது. நாலு நாளைக்கு ஒரு முறை, நாலு மணி நேரம் தண்ணீர். ஒரு வருஷம் அப்படி ஓடியிருக்கிறது. எங்கள் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார், அப்போது சிறுமியாம். குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும் இந்தக் காலத்திலும் அவர் குளியலறையில் இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் வாளி மூடி போட்டு நிரம்பியே இருக்கும். மருமகள் முனகினாலும் எடுக்க விடமாட்டார். 1965இலிருந்து சீனாவின் தோங்ஜியாங் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது. குடிநீரில் பெரும்பங்கு இப்போது அதுதான். அப்போதும் நிம்மதியில்லாமல், கடலில் ஒரு விரிகுடாவின் வாயை அடைத்து, உப்புத் தண்ணீரை இறைத்துவிட்டு, 1968இல் ப்ளவர் கோவ் என்று ஒரு நீர்த்தேக்கமே கட்டினார்கள். அதன் அணை மேல் நடந்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குடிதண்ணீர்.

சரி, உன் முழங்காலுக்கு வருகிறேன். மலை ஏற்றம் கூட உனக்கு ஆகும், இறக்கம்தான் ஆகாது. இந்த ஊரில் பாதைகளைச் செப்பனிடுகிறேன் என்று சிமென்டுப் படிக்கட்டு போட்டுத் தள்ளுகிறார்கள். படி என்றால் சீராக இருக்கும் என்று நினைக்காதே, ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி. மண் பாதையில் கால் தானே இடம் பார்த்து ஊன்றிக்கொள்ளும். சிமென்டில் ஒவ்வொரு அடியும் முட்டியில் இடிக்கும். நடப்பவர்கள் எல்லோரும் இதைத் திட்டுகிறார்கள், நானும் திட்டுகிறேன்.

உனக்கு ஏற்றது வாய்க்கால் கரைகள். சரிவில் விழும் மழை வீணாகக் கடலுக்குப் போகாமல் அணைக்குத் திருப்ப, மலையின் இடுப்பைச் சுற்றி சிமென்டு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் மெல்ல ஓட வேண்டும் என்பதால் வாட்டம் மிகக் குறைவு. அதைப் பராமரிக்க ஓரத்திலேயே ஒரு பாதை. அதாவது, மலையில் பாதி உயரத்தில், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், கீழே கடலைப் பார்த்தபடி மைல் கணக்கில் நடக்கலாம். மன்னார்குடியில் வாய்க்கால் வரப்பில் பள்ளிக்கூடம் போனவனுக்கு இதை விட என்ன வேண்டும்? மழைக்காலத்தில் மட்டும் ஓரம் போகாதே என்று போர்டு வைத்திருப்பார்கள். வெள்ளம் திடீரென்று வரும், சுவர் வழுக்கும், விழுந்தால் ஏறிவர முடியாது. டிசம்பரில் அடியில் விரல் ஆழம் தண்ணீரும் இலைச் சருகும்தான் இருக்கும்.

முதல் நாள் போவன் ரோட்டில் ஆரம்பிப்போம். நகரத்துக்கு நேர் மேலே, வங்கிகளின் உச்சி மாடிகள் கண்ணுக்கு நேரே தெரியும்படி போகும் சமதளப் பாதை. தாய் தாம் நீர்த்தேக்கத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கால்வாயின் மேல் போட்ட பாதை அது. சில இடங்களில் கீழே எட்டிப் பார்த்தால் கருங்கல் வளைவுகள் தெரியும். காலை ஏழு மணிக்குப் போனால் கிழவர்கள் கூட்டம். மரத்தில் முதுகை இடித்துக்கொண்டு ஒருவர், பின்பக்கமாக நடந்துகொண்டு ஒருவர். சிலர் இடுப்பில் ரேடியோவைக் கட்டிக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி பாட்டு வைப்பார்கள். அதுதான் எனக்கு ஆகாத ஒன்று. எதிரில் வருகிறவர்கள் "ஜோ சான்" என்பார்கள், காலை வணக்கம். நீயும் சொல்லு. லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜனம்தான், மலையில் ஏறினால் பேசுகிறது.

தெம்பிருந்தால் டிராகன்ஸ் பேக் என்ற மலைமுகடு. ஷாவ் கெய் வானிலிருந்து 9ஆம் எண் பஸ், தோ தெய் வானில் இறங்க வேண்டும். ஏறிய கொஞ்ச நேரத்தில் மேட்டு முதுகுக்கு வந்துவிடலாம். அதில் உச்சியே 284 மீட்டர்தான். இரண்டு பக்கமும் கடல், மேலே மரமே இல்லாமல் குத்துச்செடி, காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். பிடித்தால் அப்படியே மறுபக்கம் இறங்கி பிக் வேவ் பேயில் கடலில் கால் நனைக்கலாம்; முட்டி முனகினால் வந்த வழியே திரும்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், திருவிழாத் தேர் மாதிரி நகர வேண்டியிருக்கும்.

பூகோள வாத்தியாருக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன்: சாய் குங்கில் ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் கிழக்கு அணை. டாக்ஸியே அணை வரை போகும் என்பதால் தங்கச்சிக்கும் சிரமமில்லை. 14 கோடி வருஷத்துக்கு முந்திய எரிமலைப் பாறை, ஆறுபட்டைத் தூண் தூணாகக் கடலோரம் முழுக்க நிற்கிறது. இந்த மாதிரித் தூண்கள் உலகில் பெரும்பாலும் பசால்ட் என்ற கறுப்பு எரிமலைப் பாறையில்தான் வரும் என்று நீதானே பாடம் நடத்தியிருப்பாய்? இது அதில்லை. சிலிக்கா மிகுந்த சாம்பல் இறுகி, மெல்ல ஆறிச் சுருங்கிப் பிளந்தது. வெளிறிய மஞ்சள் நிறம். அணையிலிருந்து கீழே இறங்கும் இடத்தில் தூண்கள் இடுப்பில் வளைந்து, எஸ் எழுத்துப் போல நெளிந்திருக்கும், முழுக்க இறுகும் முன்னே அசைந்ததால். அதற்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு: பின்னால் விரிசலில் புகுந்து உறைந்த பசால்ட். கையால் தொட்டுப் பார்க்கலாம். நீ அங்கேயே உட்கார்ந்துவிடுவாய் என்று தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவை.

அங்கிருந்து வடக்கே மேடேறி இறங்கினால் தாய் லாங் வான், வரிசையாக நாலு கடற்கரை. மணல் அரிசி மாவுதான். நான் விரும்பிப் போகும் இடம், ஆனால் உன் முழங்காலுக்கு அது ஒரு நாள் வேலை. கடல் ஒத்துழைத்தால் படகில் போகலாம், அங்கே பார்த்துக்கொள்வோம். ஹாம் தின் கரையில் கிராமத்துக்காரர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை உண்டு, நூடுல்ஸும் முட்டையும் கிடைக்கும். பின்னால் பார்த்தால் நெல் விளைந்த வயல்கள் புதர் மண்டிக் கிடக்கும். வயதான சிலரைத் தவிர எல்லோரும் நகரத்துக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். உழவு நின்றதும் அவிழ்த்துவிட்ட மாடுகளின் வாரிசுகள் மட்டும் இன்னும் திரிகின்றன, கேட்பாரில்லை. போன முறை ஒரு செவலைப் பசு என் பக்கத்தில் நிதானமாக வந்து நின்று, பைக்குள் மூக்கை விட்டு, எலுமிச்சம் சாதப் பொட்டலத்தைத் தாளோடு இழுத்தது. தாளைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நம் வடக்குத் தெரு வயல்களின் ஞாபகம். நீ இந்தக் குறுவைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாயே.

தங்கச்சிக்கு ஒரு எச்சரிக்கை. குரங்கைக் கண்டால் கடலையை எடுத்து நீட்டுவது நம் பழக்கம். இங்கே காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் அந்த இடத்திலேயே 5,000 டாலர் அபராதம், நம் பணத்தில் அரை லட்சத்துக்கு மேல். பன்றிக்கும் அதே சட்டம். பாதையில் குப்பைத் தொட்டி இருக்காது, அதை எடுத்துவிட்டார்கள். வாழைப்பழத் தோல் வரை பையிலேயே திரும்பி வர வேண்டும்.

லான்டாவ் சிகரத்தில் சூரியோதயம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். 934 மீட்டர், இருட்டில் ஏற்றம், முழுக்கப் படிக்கட்டு. வேண்டாம் கோபால். கம்பி வண்டியில் புத்தர் சிலை வரை போவோம், மடத்தில் சைவச் சாப்பாடு நன்றாக இருக்கும், அங்கிருந்து சிகரத்தை அண்ணாந்து பார்த்துக்கொள்.

டிசம்பரில் 15லிருந்து 20 டிகிரி இருக்கும், மழை அபூர்வம். ஒரு ஸ்வெட்டர் போதும், குல்லாய் எல்லாம் தூக்கி வராதே. செருப்பில் நடக்கலாம் என்று நினைக்காமல் நல்ல ஷூ வாங்கி, இப்போதிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு தினமும் தெப்பக்குளத்தைச் சுற்று. புது ஷூவோடு வந்து இறங்கினால் முதல் நாளே கொப்புளம்தான். கைத்தடி இங்கே நான் வைத்திருக்கிறேன், எழுபது வயதுக்காரர்கள் மட்டுமல்ல, இருபது வயதுப் பிள்ளைகளும் இரண்டு கையிலும் தடி ஊன்றித்தான் நடக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, லீவு சொல்ல வேண்டும். சின்னவன் சம்பளத்தையும் எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம். இடமிருந்தால் கால் கிலோ சுண்டைக்காய் வற்றல்.

அன்புடன்,
சேது