மட்கார்டு இல்லாத வண்டிக்கு ஒன்பது மார்க்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் அனுப்பிய சைக்கிள் படங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் கொடுத்திருந்தீர்கள். ஜூன் 3 உலக சைக்கிள் தினம் என்பதால் இந்த ஏற்பாடு போலிருக்கிறது. நல்லதுதான், வருஷத்துக்கு ஒரு நாளாவது எங்களை நினைத்தீர்களே. ஆனால் தலைப்பு ‘தினமும் ஓட்டும் சைக்கிள்’ என்று இருக்க, முதலிடம் வாங்கிய வண்டியைப் பார்த்ததும் எனக்குக் காபி இறங்கவில்லை.

மெல்லிசு டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்து இறங்கும் ஹேண்டில்பார், மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, பெல் கிடையாது, ஸ்டாண்டு கூடக் கிடையாது, பாவம் சுவரில் சாத்திவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அதற்கு ஒன்பது. ‘தேவையில்லாதது எதுவும் இல்லை, அதுவே அழகு’ என்று கீழே ஒரு வரி வேறு. கடைசி இடம் ஒரு கருப்பு 24 இன்ச் வண்டிக்கு, இரண்டு பக்கமும் பால் கேன் தொங்குகிறது. மூன்று மார்க். ‘அலங்கோலம். சீட் மிகவும் தாழ்வு. பழைய பாணி ஹேண்டில்.’

தேவையில்லாதது என்றால் யாருக்குத் தேவையில்லாதது? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் சுவாமிமலைக்காரன். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போக எட்டு, வர எட்டு, ஆகப் பதினாறு கிலோமீட்டர், இருபத்தேழு வருஷமாக சைக்கிள்தான். இதில் பெருமை ஒன்றும் இல்லை, பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் எனக்குத் தலை சுற்றும், அவ்வளவுதான்.

ஆறு வருஷம் முன்னால் பையன் பேச்சைக் கேட்டுப் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு ஒரு கியர் வண்டி வாங்கினேன். முன்னால் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், மூன்றும் ஏழும் பெருக்கினால் வருகிற இருபத்தொரு கியர். எங்கள் பக்கம் காவிரி டெல்டா, தரை பாய் விரித்த மாதிரி இருக்கும், ஏற்றம் என்று சொன்னால் ஏதாவது பாலம்தான். அந்த இருபத்தொன்றில் நான் போட்டது இரண்டோ மூன்றோ. மிதிக்கும்போதெல்லாம் முன்பக்கம் தாழ்ந்து தாழ்ந்து எழும்பும், நான் போடுகிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் தின்றுவிடும். மட்கார்டு போட்டுத் தாருங்கள் என்று வாங்கும்போதே கேட்டேன். கடைப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “மட்கார்டு போட்டா லுக்கே போயிடும் சார்.”

சரி, போகட்டும் என்று வந்துவிட்டேன். அப்புறம் ஐப்பசி வந்தது.

வடகிழக்குப் பருவமழையில் எங்கள் ரோடு எப்படி இருக்கும் என்று ஆசிரியர் குழுவில் இந்தப் பக்கத்துக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். காலையில் தூறல் கூட இல்லை, ராத்திரி பெய்த மழையின் ஈரம்தான். கடைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காரப் போனேன், பின்னாலிருந்து முதலாளி “அப்படியே நில்லுங்க” என்றார். இடுப்பிலிருந்து கழுத்து வரை முதுகில் சேற்றால் ஒரு கோடு, இரண்டு விரல் அகலத்தில், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. வெள்ளைச் சட்டை. அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களுக்கு முதுகைக் காட்டாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தேன். மறுநாள் மட்கார்டு போடப் போனால், அந்த வண்டியின் ஃபோர்க்கில், அதாவது சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கிற கவையில், மட்கார்டுக் கம்பியை முடுக்க ஓட்டையே வைக்கவில்லை. பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கிக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டினோம், அது டயரில் உரசிக்கொண்டு வீடு வரைக்கும் கிரிச் கிரிச் என்று பேசிக்கொண்டே வந்தது. கேரியர் கதையும் இதேதான். சாப்பாட்டுக் கூடையை ஹேண்டிலில் மாட்டினேன், வளைவில் அது ஒரு பக்கம் இழுக்கும், நான் ஒரு பக்கம் போவேன்.

பதினோரு மாதத்தில் அதை மச்சினன் பையனிடம் தள்ளிவிட்டு மறுபடி கருப்பு வண்டிக்கே வந்தேன்.

இப்போது நீங்கள் மூன்று மார்க் போட்ட அந்தப் பால்காரர் வண்டிக்கு வருவோம். நான் அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்தே பார்த்தேன். 24 இன்ச் என்பது சக்கரத்தின் அளவில்லை, பலபேர் அப்படி நினைக்கிறார்கள், அது ஃபிரேமின் உயரம். சக்கரம் 28க்கு ஒன்றரை. இந்தப் பெரிய சக்கரம் சின்னக் குழியில் விழாமல் தாண்டிப் போகும். முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து முன்னால் நீண்டிருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளியும் ஜாஸ்தி, கல்லும் குழியும் இடிக்கிற இடி அதிலேயே பாதி அடங்கிவிடும். இந்த வண்டிக்கு ஷாக் அப்சார்பரே அந்த வளைவுதான், அதற்குத் தனி ஸ்பிரிங் வேண்டாம். போக்ஸ் கம்பியை எண்ணிப் பாருங்கள், இந்த மாதிரி வண்டிக்கு முன்னால் 32, பின்னால் 40. ஆளும் பாரமும் பின்னால்தானே உட்காருகிறது, அதனால் பின்னால் எட்டுக் கம்பி கூட. யோசித்துச் செய்த வண்டி சார் இது. பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பல், பின் சக்கரத்துப் பல்சக்கரத்தில் 18 பல் என்று வைத்தால் ஒரு சுற்று மிதிக்க ஐந்தரை மீட்டர் சுமாருக்குப் போகும் (கணக்குப் பிள்ளை புத்தி, மன்னிக்கவும்), சமதரையில் ஒரு ஆள் மூச்சு வாங்காமல் போகிறதற்கு அது போதும்.

‘சீட் மிகவும் தாழ்வு’ என்றீர்கள். பால்காரர் பத்து வீட்டுக்கு ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கிறார். கேனில் பால் தளும்பும்போது இரண்டு காலும் பாதம் முழுக்கத் தரையில் ஊன்றவேண்டும், நுனிவிரலில் நின்றால் வண்டி சாயும், பால் வாய்க்காலுக்குப் போகும். என் மாதிரி எட்டு கிலோமீட்டர் நிற்காமல் மிதிக்கிறவனுக்கு அந்த உயரம் தப்பு. அவருக்கு அதுதான் சரி. நீங்கள் வண்டிக்கு மார்க் போட்டீர்கள், ஓட்டுகிற ஆளை விட்டுவிட்டீர்கள்.

எங்கள் ஊர் ஸ்தபதி ஒருவர் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். ஐம்பொன் விக்கிரகத்துக்கு மெழுகுப் பிரதிமை செய்யும்போது தென்னை ஓலையைச் சிலை உயரத்துக்கு நறுக்கிக்கொள்வார்கள், அதையே மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று எடுப்பார்கள். பொதுவாக ஒரு ஸ்கேல் கிடையாது, அந்தந்தச் சிலைக்கு அதனதன் ஓலை. நான் மிதித்துக்கொண்டு போவதை ஒருநாள் பார்த்துவிட்டு, “ஏங்க, முட்டி ரெண்டும் மடங்கிக் கெடக்கே, இது உங்க அளவு இல்லீங்களே” என்றார். இத்தனைக்கும் அவர் சைக்கிள் ஓட்டுகிறவர் கூட இல்லை. அன்றே சீட்டை ஏற்றினேன். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நிற்கவேண்டும், அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். இரண்டு விரற்கடைதான் ஏற்றினேன், சாயங்காலத்து முட்டிவலி அந்த வாரத்திலேயே குறைந்தது. ஊரில் பாதிப்பேர் முட்டி வயிற்றில் இடிக்கத்தான் ஓட்டிக்கொண்டு போகிறார்கள், அதற்கு ஸ்பேனர் ஒன்று போதும், ஐந்து நிமிஷ வேலை.

‘அலங்கோலம்’ என்று எதைச் சொன்னீர்கள்? பாரைச் சுற்றிய மஞ்சள் பிளாஸ்டிக் வயரையா? பெயின்ட் உரியாமல் இருக்கவும், வெயிலில் தொட்டால் சுடாமல் இருக்கவும் அதைச் சுற்றுகிறோம். சக்கரத்தின் நடுவில் கம்பிகள் வந்து சேரும் ஹப்பைச் சுற்றி நீலமும் சிவப்புமாக ஒரு நார் வளையம் தெரிகிறதே, அது வெறும் குஞ்சம் இல்லை. சக்கரம் சுற்றச் சுற்ற அது தானாக ஹப்பைத் துடைத்துக்கொண்டே இருக்கும், பத்து வருஷம் ஆன வண்டியிலும் அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னும். வண்டியிலேயே எனக்குப் பிடித்த சாமான் அதுதான். பின் மட்கார்டின் நுனியில் தொங்கும் ரப்பர் துண்டில் பிள்ளைகள் பெயர் எழுதியிருக்கிறது, சரி, அது அழகுக்குத்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே. ஆனால் அந்த ரப்பர் இல்லாவிட்டால் பின்னால் வருகிறவன் மேல் சேறு அடிக்கும்.

எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. கருப்பு வண்டியின் ராடு பிரேக், கம்பி இழுத்து ரப்பர் கட்டையை ரிம்மில் அழுத்துகிற பிரேக், மழையில் பிடிக்காது, இரும்பு ரிம் நனைந்துவிட்டால் கட்டை வழுக்கும், நான் இரண்டு தடவை அடுத்தவர் கேரியரில் போய் முட்டியிருக்கிறேன். அந்த விஷயத்தில் டிஸ்க் பிரேக்குக்கு ஒரு கும்பிடு. கனமும் ஜாஸ்தி, மாடிப்படியில் தூக்கமுடியாது. அந்தப் பால்காரர் வண்டியில் செயின் துரு ஏறிக் காய்ந்து கிடக்கிறது, செயின் கவரும் பாதி இல்லை, அதற்கு நீங்கள் ஒரு மார்க் என்ன, இரண்டு குறைத்திருந்தாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். (செயினுக்குச் சமையலறை எண்ணெய் விடுகிறவர்களே, தயவுசெய்து வேண்டாம், அது பிசின் மாதிரி ஒட்டி மண்ணை இழுத்துவைத்துக்கொள்ளும். மெஷின் ஆயில் சின்ன டப்பாவில் கிடைக்கிறது.)

பழைய பாணி என்றால் மட்டம் என்கிற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நெதர்லாந்தில் கோட்டு சூட்டோடு வேலைக்குப் போகிறவர்கள் ஓட்டுகிற சைக்கிளை எந்தப் படத்தில் வேண்டுமானாலும் பாருங்கள், நிமிர்ந்து உட்காருகிற ஹேண்டில், முழு மட்கார்டு, செயினை மூடும் கவர், கேரியர், பின் சக்கரத்தில் கோட்டு நுனி சிக்காமல் இருக்க ஒரு தடுப்பு. நம்மூரில் புடவைக்குப் போடுகிறோமே, அதே சாமான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடிஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த வண்டியில் ஏறினார்கள், அப்புறம் அதுவே தேவலை என்றவர்களும் உண்டு, ஏனென்றால் அந்தப் பாரில் ஒரு குழந்தையை உட்காரவைக்கலாம். பார் வைத்த வண்டி பெண்களுக்கு அழகில்லை என்று அன்றைக்கு யாராவது மார்க் போட்டிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள்.

முதலிடம் வாங்கிய தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் காவிரிக்கரை ரோட்டில் அதை ஓட்டக் கொடுத்தால் நானே கொஞ்ச தூரம் போய்வருவேன். ஆனால் தினமும் ஆபீஸுக்கு அதில்தான் போகிறீர்கள் என்றால் மதியச் சாப்பாடு எங்கே வைக்கிறீர்கள், ராத்திரி எட்டு மணிக்கு லாரிக்காரர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறீர்கள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். ஒரு காலத்தில் லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி இறக்கி நடக்கவிடுவார், அந்தப் பயத்திலேயே டைனமோ போட்டோம். டைனமோ டயரில் உரசும்போது மிதி கனக்கும், திட்டிக்கொண்டே மிதிப்போம், இருந்தாலும் வெளிச்சம் இருந்தது. இப்போது யாரும் நிறுத்துவதில்லை, பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி கூட இல்லாமல் பாதி வண்டிகள் இருட்டோடு இருட்டாகப் போகின்றன. உங்கள் மார்க் பட்டியலில் லைட்டுக்கு என்று ஒரு வரி கூட இல்லை.

இன்னொன்று. நீங்கள் போட்ட பன்னிரண்டு படத்தையும் செயின் இருக்கிற வலது பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் படம் கேட்கும்போது பின்னாலிருந்தும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள், ஒரு வாரச் சாமான் ஏற்றி, ஸ்டாண்டு போட்டு நிற்கிற மாதிரி. நான் என் வண்டியை அனுப்புகிறேன். கேரியரில் சாப்பாட்டுக் கூடையும் குடையும் இருக்கும், சில நாள் கடையிலிருந்து வீட்டுக்கு ஒரு பித்தளைக் குடமும். சீட் கவர் கிழிந்திருக்கிறது, அதற்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்தை விட்டுவிட்டு இணைப்பிலிருந்து படிக்கத் தொடங்கும் ஒரு வாசகன்,
சுவாமிமலை.