நூறு என்றால் நூறாகவே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த பட அஞ்சலட்டை சேகரிப்பு பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அட்டைகளை வெயில் படாமல் வைப்பது, பிவிசி உறைகளைத் தவிர்ப்பது எல்லாம் நல்ல யோசனைகள். (பிவிசி உறையில் ஒட்டிக்கொண்ட நான்கு அட்டைகளை உரித்தெடுத்த அனுபவம் எனக்கு உண்டு.) ஆனால் 'லிமிடெட் எடிஷன் (இத்தனை பிரதிதான் என்று வரம்பு வைத்த பதிப்பு) என்றால் நம்பி வாங்கலாம்' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஓவியர் ஒருவரின் அட்டைகளை ஆறு வருடமாகச் சேர்த்து வருகிறேன். நூறே பிரதிகள் என்று அவர் அறிவித்த மழைக்காலப் படம் ஒன்றை, விற்பனை தொடங்கிய நிமிடமே வாங்கினேன். பின்பக்க மூலையில் பென்சிலால் 37/100 (நூறில் முப்பத்தேழாவது), பக்கத்தில் கையெழுத்து. அடுத்த வருடம் அதே படம், சுற்றியிருந்த வெள்ளை ஓரம் மட்டும் இல்லாமல், இன்னொரு நூறு வந்தது. கேட்டால் 'அளவு வேறு, அதனால் பதிப்பும் வேறு' என்று பதில். வாதத்தில் தப்பில்லைதான், மனசுதான் ஒப்பவில்லை.

செப்புத் தகட்டில் கீறி அச்செடுக்கும்போது ஒவ்வொரு பிரதிக்கும் தகடு கொஞ்சம் தேயும். ஊசியால் நேரடியாகத் தகட்டில் கீறும் ட்ரைபாயிண்ட் முறையில் சில பத்துப் பிரதிகளிலேயே கோடுகள் மங்கத் தொடங்கிவிடும். அங்கே எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது தகடு. இன்றைய அட்டைகளோ பெரும்பாலும் ஆஃப்செட்டிலோ டிஜிட்டலிலோ அச்சாகின்றன. நூறாவதும் ஐயாயிரமாவதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வரம்பு என்பது ஓவியர் கொடுக்கும் வாக்கு மட்டுமே.

எண் இருந்தாலே லிமிடெட் என்று நினைப்பவர்களும் உண்டு. வியன்னாவில் வீனர் வெர்க்ஸ்டாட்டே என்ற கலைஞர்களின் கூட்டுப் பட்டறை 1907 முதல் ஏறக்குறைய ஆயிரம் அட்டைகளை வெளியிட்டது. பெயர்பெற்ற ஓவியர்களான கோகோஷ்காவும் ஷீலேவும்கூட அதற்கு வரைந்திருக்கிறார்கள். அந்த அட்டைகளில் அச்சிட்ட எண் எத்தனையாவது படம் என்பதைச் சொல்கிறதே தவிர, எத்தனையாவது பிரதி என்பதை அல்ல.

நான் கேட்பது அட்டையின் பின்னால் இரண்டு வரி. மொத்தம் எத்தனை பிரதி, 'ஆர்டிஸ்ட் ப்ரூஃப்' என்று அந்த எண்ணிக்கையில் சேர்க்காமல் ஓவியர் தனக்கென்று தனியாக எடுத்து வைத்தவை எத்தனை, இதே படம் வேறு அளவில் மறுபடி அச்சாகுமா. முகவரி எழுத இடம் குறையுமே என்பார்கள். லிமிடெட் அட்டையை யார் தபாலில் போடுகிறார்கள்! (நான் ஒரே ஒரு தடவை போட்டேன். மூலை மடங்கிப் போய்ச் சேர்ந்தது. நண்பர் அதை அப்படியே ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டார்.)

மறுபடி அச்சிடவே கூடாது என்று சொல்லவில்லை. ஓவியரும் பிழைக்க வேண்டும். எண் போடாமல், வேண்டிய மட்டும் அச்சிட்டு விற்கட்டும்; அதையும் வாங்குவேன்.

சரி, மறைப்பானேன்? அந்த இரண்டாவது நூறிலும் ஒன்றை வாங்கிவிட்டேன். ஆல்பத்தில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. வெள்ளை ஓரம் இல்லாததுதான் இன்னும் அழகாக இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்