பாஸ்கருக்கு ஒரு தூசிக் கடிதம்

அன்புள்ள பாஸ்கர்,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் வீட்டில், பட்டறையிலிருந்து வந்ததும் உன்னைக் குளிக்காமல் உள்ளே விடுகிறார்களா?

கேட்கக் காரணம் இருக்கிறது. "தரையில ஒரு தூள் கிடையாது, பாருடா" என்று சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்படி தானே பலகை அறுக்கும் மெஷின்) ஓடுகிற வீடியோ அனுப்பினாயே, தரை சுத்தம்தான். உன் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சத்தில் மிதப்பது என்ன, பனிமூட்டமா? கீழே விழுகிற சீவலைப் பெருக்கி அள்ளிவிடலாம். பத்து மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) குறைவான தூள்தான் மணிக்கணக்கில் காற்றிலேயே நின்று மூச்சோடு உள்ளே போகும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நீ வெட்டுவதோ எம்டிஎஃப், மரநாரை அழுத்திச் செய்த பலகை, அதில் ஃபார்மால்டிஹைடு பசை வேறு.

உன் வேக்யூமில் இருக்கும் சாதாரணத் துணி ஃபில்டர் சீவலை நிறுத்திக்கொண்டு நுண்தூளை அறைக்குள்ளேயே திருப்பி ஊதுகிறது. ஹெப்பா என்கிற நுண்தூள் ஃபில்டர் போடு. 0.3 மைக்ரான் துகளிலேயே 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் நேரடியாகப் போட்டால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், அதனால் முன்னால் ஒரு சைக்ளோன், அதாவது காற்றைச் சுழற்றித் தூளை அடியில் உள்ள வாளியில் விழவைக்கும் கூம்பு, கட்டாயம்.

சைக்ளோனில் எல்லோரும் கோட்டை விடுவது வாளி மூடியில். வாளிக்குள் அழுத்தம் குறைவு. மூடி ஓரத்தில் துளி இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று பாய்ந்து, அடியில் தங்கிய தூளைக் கிளப்பி நேரே ஃபில்டருக்கு அனுப்பிவிடும். வேக்யூமை ஓடவிட்டு மூடியைச் சுற்றி மெல்லிய காகிதத் துண்டைக் கொண்டுபோ. எங்கே ஒட்டுகிறதோ அங்கே ஃபோம் டேப் போடு. வாளி தடிமனாக இருக்கட்டும். ஹோஸ் அடைத்தால் மெல்லிய வாளி உள்வாங்கி நசுங்கிவிடும். முக்கால்வாசி நிறையும் முன்பே கொட்டிவிடு.

பெரிய பை வைத்த டஸ்ட் கலெக்டர் வாங்கி இதே இரண்டரை அங்குல ஹோஸில் மாட்டப்போகிறேன் என்கிறாயே, தயவுசெய்து வேண்டாம். அது நிறையக் காற்றைத் தள்ளும், ஆனால் இழுவிசை குறைவு. நாலு அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு இதைப்போல் இரண்டரை மடங்கு. அது இருந்தால்தான் அந்த மெஷினுக்கு வேலை. உன் வேக்யூம் நேர்மாறு, குறுகிய ஹோஸுக்கே பிறந்தது. காசை வீணாக்காமல் ஹோஸைக் குட்டையாக்கு, முடிந்த இடத்திலெல்லாம் நெளிவுக் குழாய்க்குப் பதில் வழவழப்பான குழாய் போடு, 90 டிகிரி எல்போ இருக்கும் இடத்தில் இரண்டு 45 வை.

அசல் வில்லன் உன் டஸ்ட் ஷூதான், வெட்டும் பிட்டைச் சுற்றிப் பிரஷ் வைத்துத் தூளை உறிஞ்சும் அந்த மூடி. உன்னுடையது காற்றில் குளிரும் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்), அதன் ஃபேன் கீழ்நோக்கி ஊதுகிறது. ஒரு பக்கம் வேக்யூம் இழுக்க, இன்னொரு பக்கம் ஃபேன் தூளைப் பிரஷ்ஷுக்கு வெளியே விரட்டுகிறது. ஷூவின் மேல்தட்டில் பிட்டை இறுக்கிப் பிடிக்கும் காலெட் நட்டு போகிற அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டு, ஃபேன் காற்று பக்கவாட்டில் திரும்பும்படி ஒரு தடுப்பு வை. ஷூ ஸ்பிண்டிலோடு இறங்கினால் 18 மில்லிமீட்டர் பலகையை அறுத்து முடிக்கும்போது பிரஷ்ஷும் 18 மில்லிமீட்டர் மடங்கி பிட்டில் சிக்கும். இசட் (ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் அச்சு) நகர்ந்தாலும் நகராத பகுதியில் ஷூவை மாட்டு, மயிர் நுனி பலகையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அழுந்தினால் போதும். ஒரேயடியாக மூடவும் கூடாது. காற்று நுழைய வழியில்லாவிட்டால் தூளைச் சுமந்துபோக எதுவும் இல்லை.

இன்னொன்று, நீ வெட்டவில்லை, தேய்க்கிறாய். நிமிடத்துக்கு 18,000 சுற்று, இரண்டு பல், 1,000 மில்லிமீட்டர் நகர்வு என்றால் ஒரு பல்லுக்கு 0.03 மில்லிமீட்டர் கூட வராது. 10,000 சுற்றில் 2,000 கொடுத்துப் பார், 0.1 வரும். எம்டிஎஃப் எப்படி வெட்டினாலும் தூள்தான், ஆனால் பிளைவுட்டில் சீவல் சீவலாக விழும்.

இனி விளையாட்டில்லை. தேய்க்கிற பிட் சூடேறும். மரம் கருகி ஒரு கங்கு கிளம்பினால், வேக்யூம் அதை ஊதி வளர்த்துத் தூள் நிறைந்த வாளியில் கொண்டுபோய்ப் போடும். அது மணிக்கணக்கில் புகைந்து, நீ தூங்கின பிறகு பற்றிக்கொள்ளலாம். மெஷினை ஓடவிட்டுச் சாப்பிடப் போகாதே. வேலை முடிந்ததும் வாளியை வெளியே எடுத்துப்போய் மூடியுள்ள இரும்பு டப்பாவில் கொட்டு, கொட்டும்போது என்95 மாஸ்க் போடு. அலுமினியம் வெட்டினால் அதன் தூள் இந்த வாளிப் பக்கமே வரக்கூடாது.

நடுவில் காரணமில்லாமல் லிமிட் அலாரம் (மெஷின் எல்லையைத் தொட்டுவிட்டது என்ற எச்சரிக்கை) அடிக்கிறது என்றாயே, தூள் உரசி ஹோஸில் சேரும் ஸ்டாட்டிக் மின்சாரமாக இருக்கலாம். ஹோஸ் நெடுக ஒரு செம்புக் கம்பி ஓட்டி எர்த்தில் கட்டு, லிமிட் ஸ்விட்ச் வயரை ஷீல்டட் கேபிளாக மாற்று. வேக்யூமை ரிலே (மெஷினே போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) வழியாக எம்8 கட்டளையில் ஓடவிட்டு, ஸ்பிண்டில் நின்றதும் காத்திருக்க ஜி4 பி10, அப்புறம் அணைக்க எம்9. மெஷினை ஓட்டும் உன் ஜிஆர்பிஎல் மென்பொருளில் பி என்பது வினாடி. மோட்டார் கிளம்பும்போது கரண்ட் எகிறும், சின்ன ரிலேவாக வாங்கி வைக்காதே.

ஷூவைக் கழற்றி அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, தடுப்பு எங்கே வருமென்று குறித்துத் தருகிறேன். சேகருடைய டிரில்லைத் திருப்பிக் கொடுத்துத் தொலை, என்னைத்தான் போன் போட்டுக் கேட்கிறான்.

அன்புடன்,
முரளி