தே தாரிக் ஆற்றும் கை

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பினாங்கு பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடித்து வந்து, தூங்காமல் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அனிமேஷனில் கணினிதான் எல்லாவற்றையும் அசைத்துக் கொடுக்கிறதே, மூன்று வருடம் அப்படி என்னதான் படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். சரி, நடந்ததையே சொல்கிறேன்.

போன பருவத்தில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் தே தாரிக்கை, நம்மூர்க் கடைகளில் உயரத் தூக்கி ஆற்றும் பால் தேநீரை, ஆற்றுவதை ஐந்து விநாடிக்கு அனிமேஷன் செய்ய வேண்டும். திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம் ஓடும், ஆக மொத்தம் 120. நான் ஒரு ஃபிரேம் விடாமல் 120 படம் வரைந்தேன். தேநீர் வளைந்து விழுவதற்கும் நுரை பொங்குவதற்கும் மட்டுமே மூன்று வாரம் போனது. விரிவுரையாளர் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். “தேநீர் நன்றாக இருக்கிறது. ஆற்றுகிற ஆள் எங்கே?” என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் இரண்டு இரவு, வீட்டுக்குக் கீழே இருக்கும் மாமாக் கடையில், அதுதான் தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில், உட்கார்ந்து அங்கே ஆற்றும் அண்ணனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கை உயர்வதற்கு முன்பே தோள் உயர்ந்துவிடுகிறது. அதற்கும் முன்னால் உடம்பு லேசாக ஒரு முறை கீழே இறங்குகிறது. மேலே போன குவளை உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. கண் மட்டும் மேலே போவதே இல்லை, கீழ்க்குவளையிலேயே இருக்கிறது. மேல்குவளை காலியாகக் காலியாக மணிக்கட்டு சட்டென்று திரும்பிவிடுகிறது. கனம் குறைந்தது கைக்குத் தெரிகிறது, பார்க்கிற நமக்கும் தெரிகிறது. இதில் ஒன்றைக்கூட நான் வரைந்திருக்கவில்லை.

மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை ஒரு படத்துக்கு இரண்டு ஃபிரேம். ‘ஆன் டூஸ்’ என்போம். கை உச்சியில் நிற்கும் மூன்று இடங்களிலும் ஒரே படத்தை ஆறு ஃபிரேம் அப்படியே நிறுத்தினேன். மொத்தம் 54 படம்தான் வந்தது. பாதிக்கும் குறைவு, ஆனால் ஓடவிட்டபோது அந்த அண்ணன் திரையில் நின்றார்.

2018இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில் ஒரு காட்டுக் காட்சி வருமே, நினைவிருக்கிறதா? பையன் மைல்ஸ் சிலந்தி வலையில் தொங்கி ஊஞ்சலாடக் கற்றுக்கொள்ளும் இடம். பழுத்த ஆளான பீட்டரை ஃபிரேமுக்கு ஒரு படமாகவும், மைல்ஸை இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படமாகவும் அசைத்திருக்கிறார்கள். ஒரே காட்சியில் இரண்டு பேருக்கு இரண்டு தாளம். பையன் தடுமாறுகிறான் என்று பார்ப்பவர்களின் உடம்புக்கே தெரிந்துவிடும். காரணம் மட்டும் தெரியாது. இப்படி யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது.

வகுப்பில் லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண் 1926இல் எடுத்து முடித்த முழுநீள நிழல்படத்தையும் காட்டினார்கள். இன்று நம் கைக்குக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் அதுதான் மிகப் பழையது. அட்டையைக் கத்தரியால் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, விளக்கு வெளிச்சத்தின் மேல் வைத்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தியிருக்கிறார். முகமே தெரியாது, எல்லாம் கறுப்பு. ஆனாலும் கழுத்து சாய்வதிலேயே அந்த உருவம் அழுகிறது என்று தெரிகிறது.

பார்த்தபோது கிளந்தானின் நிழற்பொம்மலாட்டமான வாயாங் கூலிட்தான் நினைவுக்கு வந்தது. அங்கே மாட்டுத்தோல் பொம்மைக்குப் பெரும்பாலும் ஒரு கைதான் அசையும். அந்த ஒரு கையை வைத்துக்கொண்டே பொம்மையாட்டும் டோக் டாலாங் ஒருவராக ராமனையும் சீதையையும் ராவணனையும் பேசவைக்கிறார். செரி ராமா, சீத்தி டேவி என்று மலாயில் கேட்கும்போது, பாட்டி சொன்ன கதை வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. நம் நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படம் என்று சொல்லப்படும் ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’, அதாவது சருகுமான் கதை, அரசாங்கப் படப்பிரிவான ஃபிலெம் நெகாரா தயாரித்தது. அதைச் செய்தவர் ஆனந்தம் சேவியர். அந்தப் பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1978இல் முடிந்த படம் தொலைக்காட்சிக்கு வந்தது 1983இல். சருகுமான் கதை நமக்கு அத்தனை தெரியும், இவர் பெயரை ஒருவரும் நமக்குச் சொல்லவில்லையே என்று மனசு கனத்துவிட்டது.

இறுதியாண்டுப் படத்தை நான் நிழலில்தான் செய்யப் போகிறேன். மூன்று நிமிடம். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்க, போகும் ஒரு பெண். தோட்டத்தில் அந்த நேரத்தில் எல்லாமே நிழல்தான். வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் பட்டையும் கத்தியும் பால் பிடிக்கும் மங்கில் சொட்டும் பாலும் தெரியும்.

உன்னிடம் ஒரு உதவி. உன் அம்மா இருபது வருடம் மரம் வெட்டியவர். ஒரு மரத்தை முடித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும்போது கத்தியை எந்தக் கையில், எப்படிப் பிடித்துக்கொண்டு நடப்பார்? வெட்டும்போது எந்தக் கால் முன்னால் இருக்கும்? முட்டிவலி இருப்பதால் எழுந்து காட்டச் சொல்லாதே. உட்கார்ந்தபடி ஒரு துடைப்பக்குச்சியை வைத்துச் செய்து காட்டினால் போதும், கைப்பேசியில் எடுத்து அனுப்பு. அவர் கை எங்கே நிற்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்