எச்.டி. கதை ஜப்பானில் தொடங்குகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சியின் வளர்ச்சி பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எச்.டி. (உயர் தெளிவு) ஒளிபரப்பு 1990களில் அமெரிக்காவில் உருவானது என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். வேலைக்காலம் முழுவதும் ஒளிபரப்புப் பொறியியலிலேயே இருந்தவன் என்பதால், அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக் நடந்த 1964-லேயே ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இந்த ஆராய்ச்சியில் இறங்கிவிட்டது. அங்கே தகாஷி ஃபூஜியோ என்ற பொறியாளரின் குழு முதலில் ஆராய்ந்தது மனிதக் கண்ணைத்தான். திரை எவ்வளவு அகலமாக இருந்தால், எவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் காட்சிக்குள்ளேயே இருப்பதுபோலத் தோன்றும் என்று ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள்.

அப்புறம்தான் வரிகளின் எண்ணிக்கை, அதாவது ஒரு படத்தை மேலிருந்து கீழாக எத்தனை கிடைக்கோடுகளாகப் பிரித்து அனுப்புவது என்ற கணக்கு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அப்போது 525 வரி, ஐரோப்பாவில் 625. 525-ஐ 15-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தாலும், 625-ஐ 9-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தாலும் வருவது 1125. அதையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் படத்தை மாற்றிக் கொடுக்க வசதியான எண் அது. எனக்கு இதில் இன்றும் தீராத மரியாதை உண்டு.

ஆனால் 1986-இல் டுப்ரோவ்னிக் நகரில் கூடிய சர்வதேச வானொலி ஆலோசனைக் குழுவில், இதை உலகத் தரமாக ஏற்க ஐரோப்பிய நாடுகள் மறுத்துவிட்டன. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஜப்பான் முறையில் நொடிக்கு 60 ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளை எடுத்து அனுப்பும் பாதிப் படம்), அவர்களுடையதில் 50. சரி என்று அவர்கள் 1250 வரியில் எச்.டி.-மேக் முறையை உருவாக்கினார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை அதில் காட்டினார்கள். மறு வருடமே கைவிட்டார்கள்.

எச்.டி. படத்தைச் சுருக்கி வீடுகளுக்கு அனுப்ப ஜப்பான் உருவாக்கிய ‘மியூஸ்’ முறைக்கும் குறை உண்டு. ஒரு படத்தின் புள்ளிகளை நான்காகப் பிரித்து, அடுத்தடுத்த நான்கு ஃபீல்டுகளில் அனுப்புவார்கள். அசையாத காட்சி கண்ணாடிபோல் தெரியும். ஆள் ஓடினால் அந்த இடம் மட்டும் மங்கும். போதாததற்கு அதற்குச் செயற்கைக்கோள் அலைவரிசை வேண்டும். சாதாரண 6 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்குள்ளேயே எச்.டி.யை அடக்கலாம் என்று 1990-இல் முழு டிஜிட்டல் முறையோடு வந்தது ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற அமெரிக்க நிறுவனம். அங்கே தனித்தனி முறைகளோடு மோதிய போட்டியாளர்கள் 1993-இல் ஒரே தரத்துக்காக ஒன்று சேர்ந்தார்கள். 1996 டிசம்பரில் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அந்தத் தரத்தை ஏற்றது. அது பெரிய சாதனை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் இன்று 1080 என்கிறோமே, அது திரையில் தெரியும் வரிகளின் கணக்கு மட்டுமே. ஸ்டுடியோ சிக்னலில் தெரியாத 45 வரிகளையும் சேர்த்து எண்ணினால் 1125. ஜப்பானியர்கள் போட்ட அதே எண்தான். இணையப் பதிப்பில் இருக்கும் கட்டுரையிலாவது 1964-ஐயும் என்.எச்.கே.யின் பெயரையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒளிபரப்புப் பொறியாளர், உங்கள் நெடுநாள் வாசகர்