வீடு கேட்டது பேராசையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேராசையையும் போதும் என்ற மனத்தையும் பேசும் சிறுவர் பட நூல்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தமிழ்வழித் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். குமுளி மலையிறங்கிக் கம்பம் போகும்போதெல்லாம் அவர்களுக்காகத் தமிழ்ப் பட நூல்களைத் தேடி வாங்கி வருவேன்.

அப்படி வாங்கிய ஒன்று, ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட மீனவன் மனைவி கதை. மந்திர மீனிடம் அவள் முதலில் ஒரு சின்ன வீடு கேட்கிறாள். அப்புறம் மாளிகை, அரச பதவி, பேரரசு என்று போய், கடைசியில் சூரியனும் நிலவும் தன் சொல்படி உதிக்க வேண்டும் என்கிறாள். அவள் கேட்கக் கேட்கக் கடலின் நிறம் மாறுகிறது. தெளிந்த நீர் பச்சையாகி, கருநீலமாகி, கறுத்துக் கொந்தளிக்கிறது. மூலக்கதையிலேயே இருக்கும் இந்த நிறமாற்றம் ஓவியருக்குக் கிடைத்த வரம். கறுத்த கடல் வந்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'நீதி: இருப்பதைக் கொண்டு மகிழ்ச்சியாக வாழ வேண்டும்'.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், முதல்ல வீடு கேட்டாளே, அதுவும் பேராசையா?"

அவள் இருப்பது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். ஒற்றை அறை, மழைக்கு ஒழுகும் கூரை. அம்மா வேலையிலிருந்து நின்றால் அதையும் காலி செய்ய வேண்டும். அந்த நீதியை அவளிடம் வாசிக்க எனக்கு நா எழவில்லை. "இல்லம்மா, அது தேவை" என்றேன். எந்தப் பக்கத்தில் தேவை முடிந்து பேராசை தொடங்குகிறது என்று பிள்ளைகளையே தேடச் சொன்னேன். அரை மணி நேரம் ஒரே வாக்குவாதம். மாளிகைப் பக்கம்தான் என்றார்கள் பலர். "நாலு ரூம் வரைக்கும் சரி டீச்சர்" என்றான் ஒருவன்.

வள்ளுவர் பிறர் பொருளுக்கு ஆசைப்படாத வெஃகாமையை இல்லறவியலில் வைத்தார்; அவா அறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். துறவிக்குச் சொன்னதை ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏன் சொல்ல வேண்டும்?

பதிப்பாளர்களை வேண்டிக் கேட்கிறேன்: அந்த நீதி வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இன்னொரு படம் போடுங்கள். எல்லாம் இருந்தும் இன்னும் கேட்பவர்களின் கதைகளையும் வரையுங்கள். அப்படிப்பட்ட தமிழ்ப் பட நூல்களின் பட்டியல் ஒன்றை நீங்கள் வெளியிட்டால், அடுத்த முறை கம்பம் போகும்போது கையோடு கொண்டுபோவேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை,
பீர்மேடு வட்டம், இடுக்கி மாவட்டம்.